கோரஸுக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தவன்

மண்ணூர்ப் பக்கம் இன்று நிற்பவற்றில் எவையெல்லாம் என்னால் எழுந்தவை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாலையோரம் மூன்று மாடியாக நிற்கும் ஆண்கள் ஹாஸ்டல் என்னுடையது. அதன் முதுகோடு ஒட்டி, தனி வாசல் வைத்த பெண்கள் ஹாஸ்டலும் என்னுடையதுதான். அந்த மனையில் தண்ணீர் இல்லை என்று நீரோட்டம் பார்க்கிறவர் தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சொன்னார். அவர் நின்ற இடத்திலேயே போர் போட்டேன், வந்தது. இந்தப் பொட்டலில் யார் வந்து தங்குவார்கள் என்று கடன் கேட்ட இடத்தில் மேனேஜர் சிரித்தார். அவருடைய அக்கா மகன் இப்போது என் இரண்டாவது மாடியில்தான் இருக்கிறான், இன்னொரு ஃபேன் வேண்டும் என்று தினமும் வந்து நிற்கிறான். தகரக் கொட்டகையில் இட்லிப் பானையோடு ஆரம்பித்த மெஸ் இன்று மூன்று ஷிப்டுக்கும் சோறு போடுகிறது. மழை பெய்தால் லாரியே புதையும் வழியில் செங்கல் உடைசல் கொட்டி ரோடாக்கியதும் நான். பிறகு அதன்மேல் தார் ஊற்றி, வேறொருவர் பெயரில் பலகை நட்டுவிட்டார்கள். போகட்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்தது இவ்வளவும்.

இதே வரிசையில் ஒரு சினிமாவின் பின்னணி இசையையும் சேர்த்துச் சொல்வேன். சொன்னதும் கேட்கிறவர்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார்கள். என் மனைவி திருப்பாமலே சிரிக்கிறாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இசை எனக்குத் தெரியாது. இடம் தெரியும். ஒரகடத்துக் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகளை வைத்து மேய்க்கிறவனுக்கு இடத்தைத் தவிர வேறென்ன தெரிய வேண்டும்? என் ஹாஸ்டலில் ஒரு கட்டிலில் ஒருவன் மட்டும் படுப்பதில்லை. பகல் ஷிப்டுக்குப் போகிறவன் எழுந்ததும் இரவு ஷிப்ட் முடித்தவன் வந்து படுப்பான். போர்வை மட்டும் அவரவருடையது. வேலைக்குப் போனவனுக்காக ஒரு கட்டில் சும்மா கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இன்னொரு வழக்கமும் உண்டு, அது இந்தப் பகுதியிலேயே என்னிடம் மட்டும்தான். என் இடத்தில் அறை நம்பர் சுவருக்குச் சொந்தமில்லை, ஆட்களுக்குச் சொந்தம். ஒவ்வொரு கூட்டமும் கம்பெனியில், பேங்கில், கூரியரில் எல்லாம் தங்கள் அறை நம்பரைக் கொடுத்திருக்கும். திடீரென்று நான் அவர்களை வேறு அறைக்கு மாற்றினால் அத்தனை இடத்திலும் போய் யார் திருத்துவது? அதனால் நம்பரைத் தகரப் பலகையில் எழுதி ஆணியில் மாட்டியிருக்கிறேன். ஆட்கள் மாறினால் பலகையையும் கழற்றி எடுத்துக்கொண்டு போவார்கள். இப்போது என் முதல் மாடியில் மூன்றாம் நம்பருக்கும் ஒன்பதாம் நம்பருக்கும் நடுவில் பதினான்கு இருக்கிறது. சாப்பாடு கொண்டுவருகிற ஆட்கள் முதல் நாள் திணறுவார்கள். ஆனால் என் ஹாஸ்டலுக்கு வந்த ஒரு தபால்கூடத் திரும்பிப் போனதில்லை.

இனி மருமகளைப் பற்றி. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். செல்போன் கம்பெனி வேலைக்கு வந்து என் பெண்கள் ஹாஸ்டலில்தான் தங்கினாள். ஊரில் சர்ச்சில் கீபோர்டு வாசித்தவள். என் மகன் அவளைத்தான் கட்டுவேன் என்றபோது உறவுக்காரர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சரி என்று சொன்னது நான். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட்டு இசை செய்யப் போகிறேன் என்றாள். அதற்கும் சரி என்றது நான். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையை ஒதுக்கி, சத்தம் வெளியே போகாமலிருக்க ஹாஸ்டலில் கழித்துப்போட்ட மெத்தைகளைச் சுவர் முழுக்க அடித்துக் கொடுத்தேன். ஓர் ஓரத்தில் இன்னும் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்பாள். கலைக்கு அதுவும் வேண்டியதுதான்.

உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு வாத்தியமும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு கீபோர்டு, மேஜைமேல் சோப்பு டப்பா அளவில் நான்கைந்து ஹார்ட் டிஸ்க். அவ்வளவுதான்.

"வயலின் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"அந்த டப்பாக்குள்ள இருக்கு மாமா. வெளிநாட்டுல ஆளுகள உக்கார வச்சி ஒவ்வொரு சுரத்தையும் மெதுவா, வேகமா, அழுத்தி, தடவின்னு தனித்தனியா வாசிக்கச் சொல்லிப் பதிவு பண்ணி விக்காங்க. நான் கட்டைய அழுத்துனா அதுல சரியானதத் தேடிப் பிடிச்சிக் கம்ப்யூட்டர் வாசிக்கும். சாம்பிள் லைப்ரரின்னு பேரு."

"ஒரு சுரத்துக்கு எத்தனை தரம் வாசிப்பான்?"

"அதான் பிரச்சினயே. டப்பா எல்லாம் ரொம்பிப் போச்சி."

அப்போது அவளுக்கு முதல் படம் கிடைத்திருந்தது. ஏரி உடைந்து ஒரு ஊரே கிளம்பிப் போகிற கதை. டைரக்டர் இளம் பையன், பணம் இல்லாதவன், அதனால் எல்லாவற்றிலும் கண்டிப்பானவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து கடைசிக் காட்சிக்கான இசையைக் கேட்பேன், பிடித்தால் படம் முழுக்க உங்களுக்கு, இல்லாவிட்டால் சாலிகிராமத்தில் இன்னொருவரிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். என் மருமகள் கம்பெனிக்குத் திரும்பிப் போவதா, மாடியறையில் இருப்பதா என்பது அந்த ஞாயிற்றுக்கிழமையில் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசிக் காட்சியை அவள் முன்பே முடித்துவிட்டாள். இப்போது வெள்ளக் காட்சிக்குப் புதிதாக ஒரு வயலின் கூட்டத்தை வாங்கி, அதை வைக்க இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்தாள். புது டிஸ்க் வாங்கித் தருகிறேன் என்றான் மகன். மாதக் கடைசியில் சொல்கிற வார்த்தை அது. நான் மாடி ஏறினேன்.

"ஒரு கட்டில்ல ரெண்டு பேரப் படுக்க வைக்கிறவன் வூட்ல இடம் இல்லன்னு சொன்னா எனக்குத்தாம்மா அசிங்கம். உள்ள யார் யார் இருக்காங்க சொல்லு."

அவள் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். நான் என் அறைகளை எப்படிச் சோதிப்பேனோ அப்படிக் கேட்டேன். யார் குடியிருக்கிறார்கள், யார் காலி பண்ணிவிட்டார்கள், காலி பண்ணினவன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனானா? அந்தக் கடைசிக் கேள்விக்கு அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு லைப்ரரியும் இன்டர்நெட்டில் மூட்டையாகத்தான் வருமாம். பிரித்து வாத்தியங்களை எடுத்து வைத்த பிறகும் அந்த மூட்டைகளை அவள் தூக்கிப் போடவே இல்லை. ஒவ்வொரு வாத்தியமும் உள்ளே ஒரு தரம் படுத்திருக்கிறது, மூட்டைக்குள் இன்னொரு தரம் படுத்திருக்கிறது. என் ஹாஸ்டலை விட்டுப் போகிறவர்கள் விட்டுச் செல்கிற டிரங்குப் பெட்டிகளும் இப்படித்தான் ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும்.

"ஆமா மாமா, இத நான் யோசிக்கவே இல்ல," என்றாள். அழித்தாள். கொஞ்சம் இடம் வந்தது, புது வயலின்காரர்களுக்குப் போதவில்லை. ஆனால் "யோசிக்கவே இல்ல" என்று அவள் வாயால் சொன்னதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அடுத்ததாகக் கோரஸைப் பார்த்தேன். மனிதர்கள் கூட்டமாகப் பாடுகிற குரல்கள். இருந்ததிலேயே வேகமான சின்ன டிஸ்க்கை அவர்கள் மட்டும் முழுசாகப் பிடித்திருந்தார்கள். ஏன் இவ்வளவு இடம் என்று கேட்டால், ஒரே பாட்டைப் பக்கத்தில் ஒரு மைக், நடுவில் ஒரு மைக், தூரத்தில் ஒரு மைக் என்று மூன்றாகப் பதிவு செய்திருக்கிறார்களாம்.

"ஒரே ஆளுக்கு மூணு கட்டிலா?"

"மூணும் வேணும் மாமா. பக்கத்துல கேட்டா மூச்சு கேக்கும், தூரத்துல கேட்டாத்தான் கோயிலு மாதிரி இருக்கும்."

"என் ஹாஸ்டல்ல ஒருத்தன் அப்படிக் கேட்டிருந்தா வெளிய தள்ளியிருப்பேன்."

"தள்ளிறாதீங்க. ஞாயித்துக்கெழம முடியட்டும், பெறவு நீங்க சொல்லுத மாதிரி எல்லாத்தயும் ஒழுங்கு பண்ணலாம். அதுவரைக்கும் ஒண்ணையும் தொட்டுறாதீங்க மாமா."

மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் தன் வீட்டிலேயே தன்னிடம் எதையும் தொடாதே என்று சொன்னால் ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும் என்று படிக்கிறவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை அவள் என் மனைவியைச் சுகர் பார்க்கத் தண்டலம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அன்றைக்கென்று ஹாஸ்டல் காமிராக்களைத் துடைக்க வந்திருந்தார் வழக்கமாக வருகிற காமிராக்காரர். என் ஹாஸ்டல் காமிராக்கள் பதிவு செய்கிற பெட்டிக்குள் ஒரு பெரிய டிஸ்க் உண்டு. அது நிரம்பியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை, பழையதை அதுவே அழித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொள்ளும். டிஸ்க் என்றால் அப்படியல்லவா இருக்க வேண்டும்.

"அதக் கழட்டி மேல மாட்ட முடியுமா?" என்று கேட்டேன்.

"மாட்டலாம் ஐயா. ஆனா இங்க காமிரா ஒண்ணும் பதிவாகாதே."

"காமிரா தொங்கிகினு இருந்தா போதும். பசங்க அதப் பாத்துத்தான் பயப்படுறானுங்க, உள்ள இன்னா கீதுன்னு எவன் பாத்தான்?"

அவர் டிஸ்க்கைத் துடைத்துச் சுத்தமாக்கி, ஒரு டப்பாவில் போட்டு, மாடியில் இணைத்தார். நான் கோரஸைக் காட்டினேன். ஒரு வாரமாக நான் மாடி ஏறியபோதெல்லாம் ஒரு குரலும் கேட்கவில்லை, எனவே அவர்கள் ஷிப்டில் இல்லை. ஷிப்டில் இல்லாதவர்களுக்கு எதற்கு இருப்பதிலேயே நல்ல கட்டில்? எல்லோரையும் காமிரா டிஸ்க்குக்கு மாற்றி, சின்ன டிஸ்க்கை வயலின்காரர்களுக்குக் காலியாக்கி வைக்கச் சொன்னேன்.

"பெரியவரே, அவங்க வந்து கேட்டா?" என்றார் காமிராக்காரர்.

"கேப்பாங்க. கேட்டு சந்தோஷப்படுவாங்க."

தண்டலத்திலிருந்து களைத்து வந்தவள் அன்று கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்குப் பிறகுதான் மாடி ஏறினாள். அவளாகக் கண்டுபிடித்து மகிழட்டும் என்று நான் கீழே காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் படியில் நின்று கூப்பிட்டாள். சத்தமாகக்கூடக் கூப்பிடவில்லை.

"மாமா, பாடுதவங்க எங்க?"

"பெரிய ரூமுக்கு மாத்திட்டேம்மா. தாராளமா இருக்காங்க."

மேலே போனேன். கடைசிக் காட்சி திரையில் ஓடியது. ஊர் ஜனம் பாத்திர பண்டங்களோடு கரைமேல் நடக்கிறது. இரண்டு வீணைத் தந்தி அதிர்கிற மாதிரி ஏதோ கேட்கிறது, அவ்வளவுதான். குரல்கள் வர வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. திரையின் நடுவில் ஒரு பெட்டி வந்து, சாம்பிள்களைக் காணோம் என்று நீளமாக ஒரு பட்டியலைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சி முழுக்கக் கோரஸ்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"இங்கதானே இருக்காங்க," என்று காமிரா டிஸ்க்கைத் தொட்டுக் காட்டினேன்.

"நமக்குத் தெரியும் மாமா. கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அது பழைய எடத்துலயே போயித் தேடுது. ஒவ்வொருத்தரா இங்க இருக்காங்க, இங்க இருக்காங்கன்னு நான் காட்டிக் குடுக்கணும். மத்தியானத்துக்குள்ள முடியாது."

மறுபடி பழைய டிஸ்க்குக்கே எல்லோரையும் கொண்டுபோய்விடலாமே என்றேன். அதற்கும் அவ்வளவு நேரம் ஆகுமாம். நேற்று காமிராக்காரர் சாயங்காலம் வரைக்கும் மாற்றியது எனக்கே நினைவுக்கு வந்தது. அதற்குள் மூச்சிரைக்க மாடி ஏறி வந்திருந்தாள் என் மனைவி.

"இன்னாயா பண்ணி வச்ச?"

"இடம் பண்ணிக் குடுத்தேன்."

"ஊரையே காலி பண்ற படமாம். முதல்ல பாட்டைக் காலி பண்ணிட்ட. அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாரு. உன் வூட்ல குடியிருந்தா கட்டில்தான் மாறும்னு நெனச்சேன், குரல்கூட மாறும்போலகீது."

மருமகள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மவுஸைப் பிடித்தபடி ஒவ்வொரு குரலாகக் காட்டிக்கொண்டிருந்தாள். காமிரா டிஸ்க் நிதானமானது, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் யோசித்தது. நானும் யோசிக்கிற மாதிரி நின்றேன்.

அப்போதுதான் கீழே கேட்டில் ஒரு சாப்பாடு டெலிவரி ஆள் கத்தினார். "அண்ணே, ரூம் பதினாலு எங்கண்ணே? பதிமூணுக்கு அப்புறம் பாத்ரூம்தான் வருது."

வாட்ச்மேன் சலிப்போடு சொன்னது மாடிவரை கேட்டது. "மூணுக்குப் பக்கத்துல போப்பா. ஆளு மாறிட்டாங்க, நம்பர் மாறல."

மருமகளின் கை நின்றது.

"மாமா, அவங்க ரூம் மாறுனப்ப பலகையும் கூடவே போச்சில்லா?"

"பின்ன? அதானே நம்ம வழக்கம்."

"இவங்கள மாத்துனிய. பலகைய எங்க மாத்துனிய?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டர் ஒரு ஆங்கில எழுத்தைப் பெயராக வைத்திருக்குமாம். கோரஸ் இருந்த சின்ன டிஸ்க் கே. பாடுகிறவர்கள் எல்லோரும் கே வீட்டில் இருக்கிறார்கள் என்றுதான் அந்தப் பாட்டுக்குள் எழுதியிருக்கும். அவள் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து சின்ன டிஸ்க்கிடமிருந்து கே என்ற எழுத்தைப் பிடுங்கி, அதற்கு வேறு எழுத்தைக் கொடுத்தாள். கே என்பதைக் காமிரா டிஸ்க்குக்கு மாட்டினாள். ஆணியில் பலகை மாட்டுவதைவிடச் சுலபமாக முடிந்துவிட்டது.

பாட்டை மறுபடி திறந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. "மெதுவா எந்திரிக்காங்க," என்றாள். நைட் ஷிப்ட் முடித்தவர்களை எழுப்பினால் அப்படித்தான் இருக்கும். பிறகு கரைமேல் ஜனம் நடக்க, குரல்கள் வந்தன. முதலில் மூச்சுக்காற்று மட்டும், அப்புறம் தூரத்திலிருந்து எல்லோரும். மூன்று மைக்கும் எதற்கு என்று எனக்கு அப்போது கொஞ்சம் புரிந்தது. மூட்டைப்பூச்சி மெத்தைமேல் சாய்ந்து நின்ற என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். படியேறின வேர்வை என்று சொன்னாள்.

டைரக்டர் மத்தியானம் வந்தான். ஒரு முறை கேட்டான். இன்னொரு முறை போடச் சொன்னான். முடிந்ததும் எழுந்து, "இது வேற யாருக்கும் போகாதுக்கா," என்றான். படம் முழுக்க அவளுக்கே வந்தது. மெஸ்ஸிலிருந்து பிரியாணி வரவழைத்துப் போட்டேன்.

அதன் பிறகு அந்த மேஜை என் ஹாஸ்டல் மாதிரியே நடக்கிறது. மூட்டையைப் பிரித்ததும் தூக்கிப் போட்டுவிடுகிறாள். எந்தக் காட்சிக்கு வேலை நடக்கிறதோ அந்த வாத்தியங்களுக்கு மட்டும் வேகமான டிஸ்க், மற்றவர்களுக்குக் காமிரா டிஸ்க்கில் தூக்கம், மாறும்போது எழுத்தும் கூடவே மாறும். ஒவ்வொரு டப்பாவிலும் நான் செய்து கொடுத்த சின்னத் தகரப் பலகை தொங்குகிறது. இதெல்லாம் எல்லா இசைக்காரர்களும் செய்வதுதான் மாமா, எனக்குத்தான் தெரியாமல் இருந்தது என்கிறாள். இருக்கலாம். அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று விசாரிக்க எனக்கு நேரமில்லை. ஹாஸ்டல் காமிராவுக்குப் புது டிஸ்க் வரும்வரை அது கண்ணைத் திறந்துகொண்டு தூங்கியது. ஒரு செருப்புகூடத் தொலையவில்லை.

படம் முடிந்து, வேலை செய்தவர்களுக்கெல்லாம் சென்னையில் ஒரு சின்னத் தியேட்டரில் போட்டுக் காட்டினார்கள். கோரஸ் வந்தபோது எனக்கு முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். கடைசியில் பெயர்கள் மேலே ஏற ஆரம்பித்தன. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். இசை என்று என் மருமகள் பெயர் வந்தது, கைதட்டினேன். நன்றி என்ற தலைப்பில் படகு கொடுத்தவர், டீக்கடை, கரைமேல் ஓடிய நாய் எல்லாம் வந்தன. நாய்க்கு மட்டும் படத்தோடு போட்டிருந்தார்கள். விளக்கு போட்டுத் தரையைக் கூட்ட வந்த அம்மா, "படம் முடிஞ்சிடுச்சி ஐயா," என்று சொல்லும்வரை உட்கார்ந்திருந்தேன்.

என் பெயர் எங்கே என்று வெளியே டைரக்டரிடம் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"டைட்டில்ல எடம் இல்லையே ஐயா."

"யாருகிட்ட வந்து சொல்ற பாருய்யா," என்றாள் என் மனைவி, என்னைக் காட்டி. மருமகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

இடமில்லை என்று நான் யாரையும் திருப்பி அனுப்பியது கிடையாது. அதனால் அந்தப் பெயர்களை இன்னொரு முறை போடச் சொல்லி, என் அறைகளைச் சோதிப்பதுபோல் சோதித்தேன். தயாரிப்பாளர் பெயர் வழங்குபவர் என்று ஒரு தரம், தயாரிப்பு என்று ஒரு தரம், கதைக் கரு என்று இன்னொரு தரம் வருகிறது. ஒரே ஆளுக்கு மூன்று கட்டில். கோரஸுக்காவது அதற்குக் காரணம் இருந்தது.

படம் இன்னும் வெளியே வரவில்லை, போனில் பார்க்கிற மாதிரி வரப்போகிறது என்கிறார்கள். திருத்தக் காலம் இருக்கிறது, டைரக்டரே. தயாரிப்பாளரை ஒரே கட்டிலில் படுக்கவையுங்கள். காலியாகும் இரண்டில் ஒன்றை வேறு யாருக்காவது கொடுங்கள், நாய்க்குக் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. மற்றதில், இசை என்பதற்கு நேர் கீழே, இடவசதி என்று எழுதி என் பெயரைப் போட வேண்டும். எழுத்து என் மருமகள் பெயருக்கு இருக்கிற அதே அளவில் இருக்க வேண்டும். அதற்கப்புறம் என்னை வேறு வரிக்கு மாற்றினாலும், பலகையோடு மாற்ற வேண்டும்.